இயலாமையுடைய பிள்ளைகளின் நிலுவைக் கொடுப்பனவுகள்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

இயலாமையுடைய பிள்ளையொன்றைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கிய பெற்றோரின் உள்ளத்தில் முதுமை நெருங்கும்போது எழுகின்ற கேள்வி ஒன்றே ஒன்றுதான். எமக்குப் பின்னர் இப்பிள்ளையை யார் பார்ப்பது என்பதே அது. சகோதரர்கள் பார்ப்பார்கள் என்று சிலர் நம்புகின்றனர். ஆண்டவன் பார்ப்பான், அல்லாஹ் போதுமானவன் என்று ஆறுதலடைவோர் பலர். ஆயினும் அந்தப் பிள்ளையின் பெயரில் மாதந்தோறும் வந்து சேரக்கூடிய, சட்டத்தினாலோ அரச திட்டங்களினாலோ ஏற்படுத்தப்பட்ட கொடுப்பனவு ஒன்று இருக்கின்றது என்பதையும், அது காலந்தாழ்த்திக் கோரப்படும்போது கடந்துபோன மாதங்களுக்கான நிலுவையையும் சேர்த்துக் கேட்க இடமுண்டா என்று வினவலாம் என்பதையும் அறிந்திருப்போர் மிகச் சிலரே. இது குறித்துச் சில விளக்கங்களை முன்வைப்பது எமது கடமையென்று கருதுகின்றோம்.

முதலில் பிரச்சினையின் பரிமாணத்தை நோக்குவோம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சனத்தொகையில் 8.7 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், ஏதோவொரு வகையான இயலாமையுடன் வாழ்கின்றனர். பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்திருத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், தொடர்பாடல் ஆகிய ஆறு துறைகளில் உள்ள சிரமங்களை அடிப்படையாகக் கொண்ட கணக்கு இது. எனவே இலேசான சிரமமுடையோரும் இதில் அடங்குவர். அவர்களை ஒதுக்கிவிட்டாலும், 2022ஆம் ஆண்டின் இறுதியில் அஸ்வெசும திட்டத்துக்கென வெளியிடப்பட்ட வர்த்தமானி அறிவித்தலில் மாதாந்தக் கொடுப்பனவுக்கு உரியோராகக் குறிப்பிடப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் தொகை 72,000 மாத்திரமே என்பதைப் பார்க்கும்போது, தேவைக்கும் உதவிக்கும் இடையிலுள்ள தூரம் தெளிவாகின்றது. இந்த இடைவெளியின் பெயர்தான் காத்திருப்போர் பட்டியல். பல்லாண்டுகளாக இந்நாட்டில் இயலாமைக் கொடுப்பனவு என்பது தகுதியுடைய சகலருக்கும் கிடைக்கின்ற ஒன்றாக அன்றி, ஒதுக்கப்பட்ட நிதிக்குள் இடம் கிடைத்தவர்களுக்கு மாத்திரம் கிடைக்கின்ற ஒன்றாகவே இருந்து வந்துள்ளது.

கொடுப்பனவின் அளவும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. 2023 ஜூலையில் அஸ்வெசும ஆரம்பமானபோது மாதமொன்றுக்கு 5,000 ரூபாவாக இருந்த இயலாமைக் கொடுப்பனவு, 2024இல் 7,500 ரூபாவாகவும் 2025இல் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இன்றைய விலைவாசியில் இது பெருந்தொகையன்று. ஆயினும் 10,000 ரூபா வீதப்படி ஓராண்டு தாமதம் என்பது ஓர் இலட்சத்து இருபதாயிரம் ரூபாவாகும். சக்கர நாற்காலி ஒன்றுக்கும், கழிவறையை மாற்றியமைப்பதற்கும், இரண்டு மூன்று ஆண்டுகளாக வாங்கப்படாதிருந்த மருந்துக்கும் அத்தொகை உதவக்கூடும். ஆகையால் நிலுவை பற்றிய கேள்வியைச் சிறிய விடயமாக எவரும் தள்ளிவிடலாகாது.

நிலுவை என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்வதற்கு மூன்று திகதிகளை வேறுபடுத்தி அறிதல் அவசியம். முதலாவது, உரித்துப் பிறக்கின்ற திகதி. தந்தையின் மரணம், மருத்துவ அறிக்கையினால் இயலாமை உறுதிப்படுத்தப்பட்ட நாள் போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது, விண்ணப்பம் கையளிக்கப்பட்ட திகதி. மூன்றாவது, அவ்விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்ட திகதி. ஒரு கொடுப்பனவு இம்மூன்றில் எந்தத் திகதியிலிருந்து கணக்கிடப்படுகின்றது என்பதிலேயே நிலுவையின் அளவு முழுவதும் தங்கியுள்ளது. ஒவ்வொரு திட்டத்திலும் விதி வேறுபடும். எனவே பணம் கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் இருந்துவிடாமல், எந்தத் திகதியிலிருந்து, எந்த விதியின் அடிப்படையில், மாதமொன்றுக்கு எந்த வீதத்தில் கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் கேட்டறிவது பெற்றோரின் முதற்கடமையாகும். வீதம் மாறிய காலப்பகுதிக்குரிய நிலுவையாயின், ஒவ்வொரு மாதத்துக்கும் எந்த வீதம் பிரயோகிக்கப்பட்டது என்பதையும் சரிபார்த்தல் வேண்டும்.

இங்கேதான் எமது மக்கள் அதிகமாக இழக்கின்றனர். பிரதேச செயலகத்துக்குச் சென்று உத்தியோகத்தரிடம் வாய்மூலம் விசாரிக்கின்றனர். "இந்த வருடம் இடமில்லை, அடுத்த வருடம் வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிடுகின்றனர். இவ்வாறு இரண்டு மூன்று தடவைகள் அலைந்து, ஈற்றில் சலிப்படைந்து விட்டுவிடுகின்றனர். பின்னொரு நாளில் கொடுப்பனவு கிடைக்கும்போது, தாங்கள் முன்னரே கேட்டதற்குச் சான்றாக ஒரு துண்டுக் கடதாசியேனும் அவர்களிடம் இருப்பதில்லை. வாயால் கேட்டது கோவையில் ஏறாது. கோவையில் இல்லாத கோரிக்கை அரச நிருவாகத்தின் பார்வையில் நடைபெறாத ஒன்றேயாகும். எனவே இடமில்லை என்று சொல்லப்பட்டாலும் விண்ணப்பத்தை எழுத்தில் கையளித்து, பிரதியொன்றில் திகதி முத்திரையும் ஒப்பமும் பெற்றுக்கொள்ள வேண்டும். அது மறுக்கப்படின் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்தச் சிறிய சீட்டுத்தான் பின்னர் நிலுவை கோருவதற்கான அத்திபாரம்.

இனி வழிமுறைகளை நோக்குவோம். இயலாமைக் கொடுப்பனவைப் பொறுத்தவரை, பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரை அணுகுதல் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் அரச வைத்திய அதிகாரியின் சான்றிதழும் தேவைப்படும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வீட்டைவிட்டு வெளியே செல்லாத பிள்ளைக்கு அடையாள அட்டை எதற்கு என்று எண்ணிய பெற்றோர் பலர், பிள்ளை முப்பது வயதை எட்டிய பின்னரும் அதைப் பெற்றிருப்பதில்லை. அடையாள அட்டை இல்லையெனில் வங்கிக் கணக்கு ஆரம்பிப்பது கடினம். வங்கிக் கணக்கு இல்லையெனில் பணம் வந்து சேர வழியில்லை. பதினைந்து வயது பூர்த்தியானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், இயலாமையுடைய பிள்ளைக்கும் அந்த வயதிலேயே அதனைப் பெற்றுவிடுவது நல்லது. போரினாலோ ஆழிப்பேரலையினாலோ பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியொன்றைக் கோரலாம்.

இரண்டாவது வழி, அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்குரியது. பெருந்தொகையான குடும்பங்கள் அறியாதிருப்பது இதனையே. 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க விதவைகள், அநாதைகள் ஓய்வூதியக் கட்டளைச் சட்டமும், 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் தபுதாரர்கள், அநாதைகள் ஓய்வூதியச் சட்டமும் அரச உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அறவிடப்படும் பங்களிப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஆசிரியராகவோ, எழுதுவினைஞராகவோ, புகையிரதத் திணைக்கள ஊழியராகவோ பணியாற்றிய பெற்றோர் இருவரும் மறைந்த பின்னர், பொதுவாக 26 வயது வரையே பிள்ளைகளுக்கு அநாதைகள் ஓய்வூதியம் உரித்தாகும். ஆயினும் உழைத்து வாழ இயலாத நிலையிலுள்ள பிள்ளையைப் பொறுத்தமட்டில் அந்த வயதெல்லையைக் கடந்தும் ஓய்வூதியம் பெறுவதற்கு இடமுண்டு. மருத்துவ ரீதியாக இயலாமை உறுதிப்படுத்தப்படுவது இதற்கு அவசியமாகும். இது அரசாங்கம் இரங்கிக் கொடுக்கின்ற உதவியன்று. பெற்றோர் தமது சேவைக்காலம் முழுவதும் செலுத்திய பணத்தின் பயன்.

இவ்விடயத்தில் இரு எச்சரிக்கைகளைக் கூறவேண்டியுள்ளது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே, அவர்களது ஓய்வூதிய இலக்கம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், நியமனக் கடிதம், விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சிறுபராயந்தொட்டுள்ள மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே கோவையில் சேர்த்து, அது எங்கே இருக்கின்றது என்பதை இன்னொரு பொறுப்பான உறவினரிடம் தெரிவித்துவிட வேண்டும். பழைய கிளினிக் கொப்பிகளைக் குப்பையென்று எறிந்துவிடுவோர் உளர். பிள்ளையின் இயலாமை எப்போது ஆரம்பித்தது என்பதை நிறுவக்கூடிய ஒரேயொரு சான்று சிலவேளை அந்தக் கொப்பியாகத்தான் இருக்கும். அடுத்தது, ஓய்வூதியர் மறைந்த பின்னரும் வங்கியில் விழுகின்ற ஓய்வூதியத்தை அட்டையைப் பயன்படுத்தித் தொடர்ந்து எடுப்பது. அது மிகைக்கொடுப்பனவாகக் கணிக்கப்பட்டுத் திருப்பி அறவிடப்படும். பிள்ளைக்கு வரவேண்டிய நிலுவையே அதற்குப் பலியாகக் கூடும். மரணத்தை உடனடியாக அறிவித்து, அதே நாளில் பிள்ளையின் உரித்தையும் எழுத்தில் கோருவதே சரியான வழியாகும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை எமது சமூகங்களுக்கெனச் சில விசேட சிரமங்கள் உள்ளன. போர்க்காலத்தில் காணாமற்போன தந்தைக்கு மரணச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாத குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் பல உள்ளன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெறுவதற்கு வழிசெய்யப்பட்டது. தந்தை இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே பிள்ளையின் விடயத்தை முன்னெடுக்க உதவுகின்ற ஏற்பாடு இதுவாகும். முஸ்லிம் குடும்பங்களைப் பொறுத்தமட்டில், நிக்காஹ் நடைபெற்றும் பதிவு செய்யப்படாத பழைய விவாகங்கள் பின்னர் ஓய்வூதியக் கோரிக்கையின்போது இடராக அமைகின்றன. பதிவின்மையினால் விவாகம் செல்லுபடியற்றதாகிவிடுவதில்லை என்றபோதிலும், நிரூபிக்கின்ற சுமை பிள்ளையின் தலையில் விழுகின்றது. தாய், தந்தை இருவரும் இருக்கும்போதே இதனைச் சீர்செய்துகொள்வது புத்திசாலித்தனமாகும்.

மலையகத் தோட்டங்களிலும் தனியார் துறையிலும் உழைத்தோரின் பிள்ளைகளுக்கு அநாதைகள் ஓய்வூதியம் கிடையாது. எனினும் மறைந்த தொழிலாளியின் பெயரில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதியும், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கை நிதியும், தகுதியான சேவைக்காலம் இருப்பின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பணிக்கொடையும் இருக்கக்கூடும். பின்னுரித்தாளியாக யார் பெயரிடப்பட்டுள்ளார் என்பதை உறுப்பினர் உயிருடன் இருக்கும்போதே சரிபார்த்து, இயலாமையுடைய பிள்ளையின் பங்கை உறுதிசெய்தல் வேண்டும்.

பிள்ளை வயது வந்தவராயின், பணத்தைப் பெற்றுக் கையாளும் அதிகாரம் யாருக்கு என்ற வினா எழுகின்றது. பதினெட்டு வயது பூர்த்தியானதும் பெற்றோரின் சட்டபூர்வ பாதுகாவலர் என்ற நிலை முடிவடைகின்றது என்பதைப் பலர் உணர்வதில்லை. கை கால் வழங்காத, ஆனால் தெளிவான சிந்தனையுடைய பிள்ளைக்காகப் பெற்றோர் ஒப்பமிடுவது தவறாகும். அவர் தாமே ஒப்பமிடலாம். இயலாவிடின் பெருவிரல் அடையாளம் இடலாம். புத்திக் குறைபாட்டினால் எதையும் விளங்கிக்கொள்ள முடியாதவராயின், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் அவரது சொத்துக்குப் பொறுப்பாளரை நியமிக்கச் செய்ய முடியும். வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆவது உறுப்புரை, தமது நிதி விவகாரங்களைத் தாமே கட்டுப்படுத்துகின்ற உரிமையை அவர்களுக்கு வழங்குகின்றது. உதவி என்ற பெயரில் பிள்ளையின் பணம் குடும்பத்தின் பொதுச் செலவில் கரைந்துவிடுவதை இச்சமவாயம் ஏற்கவில்லை. பெற்ற நிலுவையைப் பிள்ளையின் பெயரிலேயே வைப்பிலிட்டு, செலவுக்குக் கணக்கு வைத்திருப்பது நன்று.

கோரிக்கை மறுக்கப்பட்டால் அல்லது பதிலின்றிக் கிடந்தால் என்ன செய்வது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே சாதாரண மக்களின் கையிலுள்ள வலுவான கருவியாகும். எமது விண்ணப்பம் எப்போது கிடைத்தது, காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம், எந்தக் காரணத்தினால் மறுக்கப்பட்டது, நிலுவை எவ்வாறு கணிக்கப்பட்டது ஆகிய நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தால் போதுமானது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். நிருவாகத் தவறுகளுக்கு 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஒம்புட்ஸ்மனையும், பாரபட்சம் காட்டப்பட்டிருப்பின் மனித உரிமைகள் ஆணைக்குழுவையும் அணுக முடியும். அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் செல்வதாயின் ஒரு மாத காலக்கெடு உள்ளதென்பதை மறத்தலாகாது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இக்கெடுவில் சேர்க்கப்படமாட்டாது. இவை யாவற்றையும் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமையளிக்கின்றது. சிங்களத்தில் மாத்திரம் வந்த கடிதத்தை வாசிக்க ஆளின்றி மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிடுவதைக் காட்டிலும், தமிழ்மொழிப் பிரதி வேண்டுமென அன்றே எழுதிவிடுவது மேலாகும்.

நிலுவையைப் போராடிப் பெற முடியுமா என்று ஐயுறுவோருக்கு, எமது உறவுகள் பெருமளவில் வாழ்கின்ற பிரித்தானியாவின் அனுபவம் ஒன்றை எடுத்துக்காட்டலாம். 2011 முதல் அந்நாட்டில் பழைய இயலாமைக் கொடுப்பனவுகளிலிருந்து புதிய திட்டமொன்றுக்கு மக்கள் மாற்றப்பட்டபோது, வருமான அடிப்படையிலான மேலதிகத் தொகைக்கும் அவர்கள் தகுதியுடையவரா என்பதை அரச திணைக்களம் ஆராயத் தவறியது. சுமார் 70,000 பேர் சராசரியாக 5,000 பவுண் வரை குறைவாகப் பெற்றிருக்கலாம் என அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2018 மார்ச்சில் மதிப்பிட்டது. திணைக்களமோ, 1998ஆம் ஆண்டின் சட்டமொன்றை ஆதாரம் காட்டி, 2014 ஒக்டோபர் 21ஆம் திகதிக்கு முற்பட்ட காலத்துக்கு நிலுவை வழங்க முடியாது என்றது. பொதுநல அமைப்பொன்று நீதிமன்றத்தை நாடியதைத் தொடர்ந்து, 2018 ஜூலையில் அரசாங்கம் தனது நிலைப்பாட்டை மாற்றி, மாற்றம் இடம்பெற்ற நாளிலிருந்தே செலுத்த இணங்கியது. தவறு அரசினுடையதாயின் அதன் விலையை இயலாதவர் செலுத்தலாகாது என்பதே அந்நிகழ்வு தருகின்ற பாடமாகும்.

எமது அரசாங்கத்திடமும் சில கோரிக்கைகளை முன்வைக்க விரும்புகின்றோம். விண்ணப்பம் ஏற்கும் ஒவ்வொரு பிரதேச செயலகமும் திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கட்டாயமாக வழங்க வேண்டும். மறுப்பு எதுவாயினும் காரணத்துடன் எழுத்தில், விண்ணப்பதாரரின் மொழியில் இருத்தல் வேண்டும். தகுதி நிரூபிக்கப்பட்ட பின்னர் நிதியில்லை என்ற காரணத்தால் காத்திருக்க வைக்கப்பட்ட மாதங்கள் நிலுவையாகக் கணக்கிடப்பட வேண்டும். அயல் நாடான இந்தியாவில், மத்திய அரசின் ஓய்வூதியர் ஒருவர் தாம் உயிருடன் இருக்கும்போதே நிரந்தர இயலாமையுடைய பிள்ளையின் பெயரை ஓய்வூதியக் கட்டளைப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ள முடிகின்றது. பெற்றோரை அடக்கம் செய்த மறுநாள் அநாதரவான பிள்ளையைக் கந்தோர் கந்தோராக அலையவைக்காத அத்தகைய ஏற்பாடு இங்கும் இலகுவாகக் கிடைக்க வேண்டும். 2006ஆம் ஆண்டிலேயே பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்ட நாட்டில், இயலாமையுடையோர் மாடிப்படி ஏறித் தமது இயலாமையை நிரூபிக்க வேண்டிய நிலை எங்கேனும் நீடிக்குமாயின் அது வெட்கத்துக்குரியதாகும்.

சமூகத்துக்கும் பொறுப்புண்டு. ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும், மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, இத்தகைய குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பவும் கடிதம் எழுதவும் கை கொடுத்தால், ஆண்டுதோறும் வழங்குகின்ற உலருணவுப் பொதியிலும் பார்க்கப் பன்மடங்கு பயன் விளையும். தானமும் ஸகாத்தும் தத்தம் இடத்தில் சிறந்தவை. ஆயினும் உரித்தாகக் கிடைக்க வேண்டியதை ஒருவர் உதவியாகக் கையேந்திப் பெறும் நிலையை நாம் இயல்பானதென்று ஏற்றுக்கொள்ளலாகாது.

எமக்குப் பின்னர் யார் என்ற வினாவுக்கு முழுமையான விடை எவரிடமும் இல்லை. எனினும் பிள்ளையின் பெயரில் ஓர் அடையாள அட்டை, ஒரு வங்கிக் கணக்கு, திகதி முத்திரையிட்ட ஒரு விண்ணப்பப் பிரதி, ஒழுங்காகக் கட்டிய ஒரு கோவை ஆகிய நான்கையும் விட்டுச்செல்கின்ற பெற்றோர், அந்த விடையின் பாதியையேனும் விட்டுச்செல்கின்றனர். இவற்றில் எது இன்னும் இல்லை என்பதை வாசகர்கள் இன்றே தமது இல்லங்களில் பார்த்துக்கொள்ள வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.